பண்டிகைக்கொரு பண்டம்: சொல்லப்படும் காரணங்களில் எது நிற்கும்?

கும்பகோணத்தில் பிறந்து, கொடைக்கானல் கீழ்மலையில் உள்ள பண்ணைக்காட்டுக்கு வாழ வந்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பட்டியலைத்தான்: பொங்கலுக்கு ஏன் சர்க்கரைப் பொங்கல், ராமநவமிக்கு ஏன் பானகம், நவராத்திரிக்கு ஏன் சுண்டல், கார்த்திகைக்கு ஏன் பொரி, விரத நாளில் ஏன் வெங்காயமும் பூண்டும் கூடாது. ஆனால் கேள்வியின் உள்ளே இருப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மாமியார், எல்லாம் மருந்துதான், பெரியவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை என்கிறார். கைப்பேசியில் சுற்றிவரும் செய்தியோ ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் அறிவியல் விளக்கத்தை ஒட்டி அனுப்புகிறது. பள்ளிக்குப் போகும் உங்கள் மகள், வெயிலுக்குத்தான் பானகம் என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாம் ஏன் அதைக் குடிக்க வேண்டும் என்று கேட்கிறாள். ஆக, சொல்லப்படும் காரணங்கள் உண்மையா, உண்மையென்றால் மலையில் இருப்பவர்களையும் அவை கட்டுமா என்பதே நீங்கள் அறிய விரும்புவது.

நான் உணவியல் படித்து, அதையே கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவள். குடும்பம் தாண்டிக்குடிப் பக்கம். காப்பியும் மிளகும் வாழையும் உள்ள தோட்டம். ஒரு பண்டம் ஏன் இப்படி வேகிறது, ஏன் கெடாமல் இருக்கிறது, உடலுக்கு என்ன தருகிறது என்பவற்றை ஓரளவு உறுதியோடு சொல்ல என்னால் முடியும். ஆகமமும் தர்மசாஸ்திரமும் என் துறை அல்ல. அவற்றில் படித்தறிந்த அளவே சொல்வேன். கோயில் முறை பற்றிய ஐயத்தை அந்தக் கோயில் அர்ச்சகரிடமோ மடைப்பள்ளிக்காரரிடமோ கேட்பதே சரி.

உங்கள் மகளின் கேள்வி, அவள் அறியாமலேயே, காரணங்களைச் சோதிக்கும் ஒரு வழியைக் காட்டிவிட்டது. சமவெளியில் ஒரு பண்டத்துக்கு வெயில்தான் காரணம் என்று சொன்னால், அது சரியா என்று அங்கேயே உட்கார்ந்து சொல்ல முடியாது. ஏனெனில் அங்கே பண்டமும் வெயிலும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. மலைக்கு வந்தால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. வெயில் கீழேயே நின்றுவிட, பண்டம் மட்டும் அடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி மேலே வருகிறது. வெயில் இல்லாத இடத்திலும் அந்த வழக்கம் தளராமல் நடக்கிறதென்றால், அதை நிலைநிறுத்துவது வெயில் மட்டும் அல்ல என்பது தெளிவு. இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு பார்த்தால் பல விளக்கங்கள் தாமாகவே தரம் பிரிந்துவிடும்.

பொங்கலில் தொடங்குகிறேன், ஏனெனில் அதில் ஐயத்துக்கு இடம் குறைவு. தை முதல் நாள் என்பது காவிரிக் கரையில் சம்பா நெல் வீட்டுக்கு வரும் காலம். உங்கள் பிறந்த ஊரில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். புது அரிசிக்கு ஒரு குணம் உண்டு: அது தண்ணீரைக் குறைவாக வாங்கும், சீக்கிரம் குழையும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில மாதம் இருப்பில் கிடந்து பழையதான அரிசிதான் உதிர் உதிராக வேகும், சாப்பாட்டுக்கு எடுக்கும். எனவே அறுவடை அன்றைக்கு வந்த அரிசியில் எது நன்றாக வரும் என்று ஒரு சமையற்காரரைக் கேட்டால், பொங்கல் என்றுதான் சொல்வார். அதே பருவத்தில் ஆலையாட்டிய புதுவெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, மொச்சை, அவரை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பரங்கி எல்லாம் கூடவே வருகின்றன. வயல் தந்ததை அப்படியே பானையில் ஏற்றும் விழா இது. காரணம் தேடி வெளியே போக வேண்டியதே இல்லை. ஆனால் மலையில்? தை மாதத்தில் நம் பக்கத்துக் கைகள் காப்பிப் பழத்தின் மேல் இருக்கின்றன. நெல்லும் கரும்பும் கீழிருந்து வருகின்றன. ஆக, பண்ணைக்காட்டில் நீங்கள் வைப்பது சமவெளியின் அறுவடையைக் கொண்டாடும் பொங்கல். அவரையும் மொச்சையும் மட்டும்தான் மலைக்காரர்கள் கொல்லையிலிருந்தே பறித்துப் போடுகிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. மேலே குடியேறிய பெரும்பாலோர் தம் பஞ்சாங்கத்தையும் கூடவே கொண்டு வந்தவர்கள்தாமே.

சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியும் இதே வகைதான். கீழே அப்போது மாங்காய் காய்த்திருக்கும், வேம்பு பூத்திருக்கும், இரண்டும் இலவசம். கசப்பும் இனிப்பும் புளிப்பும் கலந்தது வாழ்க்கை என்ற விளக்கம் அழகாக இருந்தாலும், அந்த வாரத்தில் அந்த இரண்டும் வாசலிலேயே கிடைத்தன என்பதே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். மேல்மலையின் குளிருக்கு வேம்பு வராது. இருந்தும் கொடைக்கானல் கடைத்தெருவில் பங்குனிக் கடைசியில் காய்ந்த வேப்பம்பூப் பொட்டலம் தொங்குவதைப் பார்க்கலாம். வாசலில் மரம் இருந்ததால் தோன்றிய வழக்கம், மரம் இல்லாத இடத்தில் காசு கொடுத்து வாங்கும் வழக்கமாகிவிட்டது. தோற்றத்துக்கான காரணம் வேறு, தொடர்வதற்கான காரணம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது பானகத்துக்கு வருகிறேன். வெல்லம், தண்ணீர், சுக்கு, ஏலக்காய், சிலர் வீட்டில் எலுமிச்சை. கூடவே உப்புப் போட்ட நீர்மோரும் ஊறவைத்த பாசிப்பருப்பில் செய்யும் வடைப்பருப்பும். ராமநவமி பங்குனி சித்திரையில் வருகிறது. வெயிலில் அலைந்தவருக்குச் சர்க்கரை கலந்த நீரும் உப்பு கலந்த மோரும் இழந்த நீரையும் உப்பையும் மீட்டுத் தரும் என்பது உடலியல் அடிப்படையில் சரியே. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து பழனிக்கு நடந்து வருபவர்களுக்கு வழியெங்கும் பானகமும் மோரும் ஊற்றுகிறார்களே, அங்கே அதன் பயன் கண்கூடு. எனவே வெயில் என்ற காரணம் பொய்யல்ல. ஆனால் கொடைக்கானலில் அதே நாளில் அதே பானகம் நைவேத்தியமாகிறது என்பதால், வீட்டில் அதைத் தொடர வைப்பது வெயில் அல்ல, ராமருக்கு உரியது என்ற முறைதான். உங்கள் மகளிடம் இதை அப்படியே சொல்லலாம்: கீழே இருந்தவர்களுக்கு வெயிலுக்காகவும் ராமருக்காகவும், நமக்கு ராமருக்காக. நைவேத்தியத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும். குடிப்பதற்கு வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சுக்கைச் சற்றுக் கூட்டிப் போட்டால் குளிருக்கு இதமாகவே இருக்கும். பானகம் ஜில்லென்றுதான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பனிக்கட்டி இல்லாத காலத்துப் பானம் அது.

சுண்டலும் பொரியும் சமையல் வேலையைப் பற்றியவை. மலையில் இருப்பவர்களுக்கு இவற்றில்தான் உண்மையான தொல்லை, ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி என்ற கணக்கில் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழ்மலையில் 95, 96 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பொங்கல் பானை சட்டென்று பொங்கும், அரிசி சட்டென்று வேகாது. குலவையிட்ட கையோடு அடுப்பை அணைத்துவிட்டால் உள்ளே நறுக்கரிசிதான். கொண்டைக்கடலைக்கு இது இன்னும் கடுமை. திறந்த பாத்திரத்தில் அரை நாள் வைத்தாலும் நடுவில் ஒரு கல் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் கடலை ஊறுவதும் மெதுவாகத்தான் என்பதால், முதல்நாள் மதியமே கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி அடுப்படியில் மூடி வையுங்கள். இரவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு குக்கரில் உங்கள் ஊர்க் கணக்கைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விடுங்கள். ஆப்பசோடா போட்டால் மெத்தென்று ஆகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் கடலையில் உள்ள தயமின் என்ற வைட்டமினை அது அழித்துவிடும். ஊறவைக்க மறந்த நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நவராத்திரிக்கு ஏன் சுண்டல்? மழைக்காலத்துக்குப் புரதம் என்று செய்தியில் போட்டிருக்கிறது. பயறு வகைகளில் புரதம் உண்டு, அரிசிச் சோற்றில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக் கூறைப் பயறு ஈடுகட்டுகிறது என்பதெல்லாம் உறுதியான செய்திகள். ஆனால் அதற்காகத்தான் முன்னோர் ஒன்பது நாளுக்கு வைத்தார்கள் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. புரதம் ஒன்பது நாளுக்கு மட்டும் தேவைப்படும் பொருள் அல்லவே. கொலு வைத்த வீட்டுக்கு மாலையில் எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்துப் பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும் பகிரக்கூடியது, தட்டும் கரண்டியும் இல்லாமல் ஒரு தொன்னையில் கொடுக்கக்கூடியது, வெங்காயம் பூண்டு வேண்டாதது, நாளுக்கொரு தானியமாக மாற்றக்கூடியது, ஏழை வீட்டுக்கும் கட்டுபடியாவது என்று ஒரு பண்டத்தைத் தேடினால் சுண்டலில்தான் வந்து நிற்போம். இது என் ஊகம். ஆனால் பொரி, பானகம், சுண்டல், கூழ், பொங்கல் என்று பண்டிகைப் பண்டங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை கூட்டத்துக்கு வாரி வழங்கத் தோதானவை என்பது கண்ணில் படாமல் போகாது.

கார்த்திகைப் பொரிக்கு வருவோம். கார்த்திகையில் நம் மலையின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் என்பதும், பொரியை வெளியே வைத்தால் கால் மணி நேரத்தில் நமத்துவிடும் என்பதும் இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாகில் போட்டு உருட்டுவதற்கு இது ஒரு நடைமுறைக் காரணம். வெல்லப்பாகு பூசிய பொரி சற்றுத் தாங்கும். ஆனால் பாகு சரியாக வந்தால்தான். இப்போது வெப்பமானி வைத்துப் பாகு காய்ச்சச் சொல்லும் சமையல் குறிப்புகள் வருகின்றன. அதில் 121 டிகிரி என்று போட்டிருந்தால், கொடைக்கானலில் அந்த எண்ணை நம்பினால் பாகு முறுகிக் கசந்துவிடும். அதே கெட்டிப்பாகு இங்கே 114 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. உங்கள் மாமியாரின் முறையோ எந்த உயரத்திலும் தவறாது. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டிப் பார்ப்பார். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை, மெத்தென்று உருண்டால் அதிரசத்துக்கு, உருட்டியதைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்டால் பொரியுருண்டைக்கு. அந்தச் சோதனை பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதை நேரடியாக அளக்கிறது, வெப்பத்தை அல்ல. பஞ்சு மாதிரி மூடுபனி இறங்கிய நாளில் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகக் காய்ச்ச வேண்டும், ஏனெனில் வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும். அறிவியல் என்று சொல்லி மகளிடம் காட்ட ஒன்று வேண்டுமென்றால், கைப்பேசிச் செய்தியை விட்டுவிட்டு இந்தக் கிண்ணத்துத் தண்ணீரைக் காட்டுங்கள்.

எல்லாம் மருந்து என்ற உங்கள் மாமியாரின் பேச்சில் எவ்வளவு நிற்கும்? மருந்து என்றே பெயர் சொல்லிச் செய்யப்படும் பண்டம் ஒன்று உண்டு, தீபாவளி லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சீரகம், சித்தரத்தை இவற்றைப் பொடித்து வெல்லத்திலும் நெய்யிலும் கிளறி, விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குப் பின் பலகாரத்துக்கு முன்னால் ஓர் உருண்டை. இதன் நோக்கம் செரிமானம்தான் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. பலன் எவ்வளவு என்பது வேறு கேள்வி. இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. மற்றவற்றுக்குப் பழக்கத்தின் சாட்சியே அதிகம். இந்த ஒன்றில் மருந்துக் காரணத்தை முழுமையாக ஏற்கலாம். திருவாதிரைக் களியிலும் அதனுடன் வரும் ஏழுகறிக் கூட்டிலும் எனக்கு மருந்து தென்படவில்லை. மார்கழியில் விளையும் கிழங்கும் காயும்தான் தென்படுகின்றன. களிக்கோ, சிவனுக்குக் களி படைத்த அடியார் சேந்தனாரின் கதை இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கூட்டில் பந்தல் நிறையத் தொங்கும் சௌசௌ எப்போதோ நுழைந்துவிட்டது, யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்து வெங்காயமும் பூண்டும். இந்த மலைக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2019-ஆம் ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே மலைத்தொடரின் இரண்டு பெருமைகள். ஒன்று அபிஷேகத்துக்கே போகிறது, மற்றொன்று விரத நாளில் அடுப்படிக்குள்ளேயே வரக்கூடாது. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றியுள்ள படிவயல்களில் விளைவது அந்தப் பூண்டுதான். பூண்டு கெட்டது என்பதால் விலக்கினார்கள் என்ற விளக்கம் இங்கே நிற்காது. பூண்டை மருந்தாகப் போற்றும் மரபும் இதே நாட்டில்தான் இருந்தது; 1890-இல் மத்திய ஆசியாவில் கிடைத்த பழைய மருத்துவச் சுவடி ஒன்று பூண்டின் பெருமையோடுதான் தொடங்குகிறது. மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டு, வெங்காயம், காளான் ஆகியவற்றை இருபிறப்பாளருக்கு, அதாவது முதல் மூன்று வருணத்தாருக்கு, விலக்குகிறது. பகவத்கீதை பதினேழாம் அத்தியாயத்தில் உணவைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரிக்கிறது, ஆனால் அங்கே வெங்காயம் பூண்டின் பெயரே இல்லை. அவற்றை எந்த வகையில் சேர்ப்பது என்பது உரைகாரர்களும் மரபும் பின்னர் செய்த வேலை. ஆக இது தவத்துக்கும் படையலுக்கும் உரிய ஒழுக்க விதி. வாசனை மிக்கதை, மனத்தைக் கிளறுவதாக எண்ணப்பட்டதை, வழிபாட்டு நாளில் ஒதுக்கி வைப்பது. அதை அந்த நிலையிலேயே மதித்துப் பின்பற்றலாம். அதற்கு உடல்நலக் காரணம் ஒன்றைக் கட்டிவிட்டால், அந்தக் காரணம் உடையும் நாளில் விதியும் சேர்ந்து உடையும். ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் கேழ்வரகுக் கூழுக்குச் சின்ன வெங்காயம்தான் துணை என்பதையும் மறந்துவிடக் கூடாது. விதி தெய்வத்துக்குத் தெய்வம், குலத்துக்குக் குலம் மாறுவது.

உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் பல மடைப்பள்ளிகளிலும் திதிச் சமையலிலும் சேராதது இன்னொரு கதை. நீலகிரியில் ஐரோப்பியக் காய்கள் 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் ஊன்றப்பட்டன. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டியது 1845-இல். மிளகாயே போர்த்துக்கீசியர் வந்த பிறகு வந்ததுதான். பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதர் விநாயகருக்குப் படைப்பவற்றை ஒரு திருப்புகழில் அடுக்குகிறார்: கரும்பு, அவரை, துவரை, எள், பொரி, அவல், இளநீர், தேன், அப்பம், பிட்டு என்று போகும் அந்த வரிசையில் இருப்பவை இன்றைக்கும் படையலில் இருக்கின்றன. படையலின் பட்டியல் பெரும்பாலும் முடிவான பிறகு வந்து சேர்ந்த காய்களுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவே. காரத்துக்கு மிளகு என்ற முறையும் அதனால்தான் அங்கே நிலைத்தது. நம் மலை விவசாயி விளைவிப்பதில் பாதியை அவர் வீட்டுத் திதிச் சமையலே ஏற்பதில்லை என்பதற்கு அந்தக் காய்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை.

பஞ்சாமிர்தம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு பழனி மூலவர் சிலை ஆனதாகச் சொல்லப்படும் நவபாஷாணம் என்ற ஒன்பது நஞ்சுகளின் கலவையே காரணம் என்று அந்தச் செய்தியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிலையைச் செய்ததாகச் சொல்லப்படும் சித்தர் போகரின் மரபைப் பற்றி நான் பேச வரவில்லை. அது நம்பிக்கை, எனக்கும் உண்டு. ஆனால் கெடாமல் இருப்பதை விளக்க அதைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கற்கண்டு, பேரீச்சம்பழம். ஒரு துளி தண்ணீர் கிடையாது. அந்த மலைவாழையான விருப்பாட்சிப் பழம் இயல்பிலேயே நீர் குறைந்த, கெட்டியான சதை உடையது. அத்தனை சர்க்கரை சேர்ந்ததும், பழத்தில் உள்ள நீரையும் அது பிடித்துக்கொள்கிறது. நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான நீர் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. வீட்டில் செய்ததும் அப்படியே இருக்கும், ஈரக் கரண்டி போடாதவரை. 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து கீழ்மலை வாழைத் தோட்டங்கள் அழிந்தபோது ஆட்டம் கண்டது இந்தப் பண்டம்தான். பின்னர் வேளாண் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளைத் தந்தது. மலைக்கும் படையலுக்கும் நேரடித் தொடர்புள்ள இடம் ஒன்றைக் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். சமவெளியிலிருந்து மேலே வந்த வழக்கங்களுக்கு நடுவில், மேலிருந்து கீழே இறங்கிய பொருள் இது.

செய்தியில் உள்ளவற்றில் எனக்குச் சற்றும் ஒப்பாதது புரட்டாசி விளக்கம். அந்த மாதத்தில் பூமியின் சூடு வெளியேறுவதால் இறைச்சி நோய் தரும், ஆகவே விலக்கினார்கள் என்கிறது. மழைக்காலத்தில் வயிற்றுநோய் கூடும் என்பது மெய். ஆனால் தமிழ்நாட்டில் அடைமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். நோய்தான் காரணமென்றால் விலக்கு அங்கே விழுந்திருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு: புரட்டாசி முடிந்ததும் கறிக்கடையில் வரிசை நிற்கிறது, ஐப்பசித் தீபாவளியன்று காலையிலேயே பல வீடுகளில் இட்லியும் கறிக்குழம்பும். புரட்டாசி பெருமாளுக்கு உரிய மாதம், ஆகவே விலக்கு. அதற்குமேல் ஒரு விளக்கம் தேவையென்று எனக்குத் தோன்றவில்லை. ஆடிக் கூழுக்குச் சொல்லப்படும் காரணம் அப்படியல்ல. விதைப்பு முடிந்து பத்தாயம் ஒழிந்துகிடக்கும் மாதத்தில் இருப்பவர் கேழ்வரகும் கம்பும் கொடுக்க, ஊரே ஒரு அண்டாவிலிருந்து குடிப்பது என்ற விளக்கம் பொருத்தமாக இருக்கிறது. உறுதி என்று சொல்லமாட்டேன், நம்பத் தகுந்தது என்பேன்.

விரதத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். ஏகாதசிக்கு மறுநாள் விரதம் முடித்து உண்ணும் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்பதில், அகத்தியில் சுண்ணாம்புச் சத்தும் நெல்லியில் வைட்டமின் சியும் நிறைய உண்டு என்பது உறுதி. பட்டினிக்குப் பின் குடலுக்கு அவைதான் ஏற்றவை என்பது அந்த அளவுக்கு உறுதியல்ல. வெற்றிலைக் கொடிக்காலில் கொழித்து வளரும் அகத்தி குளிரைத் தாங்காது, ஆகையால் மலையில் எளிதில் கிடைக்காது; கீழிருந்து யாராவது வரும்போது சொல்லி வையுங்கள், கிடைக்காத நாளில் நெல்லிக்காய் ஒன்றோடு பாரணை செய்யும் வீடுகள் இங்கே உண்டு, உங்கள் மாமியார் சம்மதித்தால் அதுவே போதும். கந்தசஷ்டி ஆறு நாளும் முழுப் பட்டினி இருக்க நினைக்கும் உங்கள் மாமனாருக்கு நீரிழிவு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உண்ணாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். குளிரும் நடுக்கமும் என்று நினைப்பது சில நேரம் அதன் அறிகுறியாக இருக்கும். விரதத்தில் பாலும் பழமும் மட்டும், ஒருவேளை உணவு, முழுப் பட்டினி என்று பல படிகள் மரபிலேயே இருக்கின்றன. எந்தப் படி, மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்பதை ஐப்பசி பிறக்கும் முன்னரே அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.